தனுஷ்கோடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள், போய்விட்டு வந்தவர்கள், பழைய போட்டோவை வைத்துக்கொண்டு விசாரிக்கிறவர்கள் என எல்லோரிடமிருந்தும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு. ஓரிடத்தில் சொன்னதை மறுபடி சொல்லவில்லை, எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. தனுஷ்கோடி தனித் தீவா? ராமேஸ்வரத்துலேர்ந்து படகுல போகணுமா?

தனித் தீவு இல்லை, படகும் வேண்டாம். ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் எல்லாம் பாம்பன் தீவில் இருக்கின்றன. அந்தத் தீவின் தென்கிழக்கு மூலை இலங்கைப் பக்கமாக ஒடுங்கி நீள்கிறது. அந்த மணல்பரப்பில்தான் தனுஷ்கோடி இருக்கிறது, ராமநாதபுரம் மாவட்டம். நிலம் முடியும் நுனிக்கு அரிச்சல்முனை என்று பெயர். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வங்கக் கடலும் இந்தியப் பெருங்கடலும் கலக்கும் இடம் என்று சுற்றுலாப் பலகைகள் பெரிதாகச் சொன்னாலும், கண்ணுக்கு முன்னால் இருப்பவை இந்த இரண்டும்தான்.

2. அது யாருமே இல்லாத ஊர்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 1964 புயலில் அழிந்தது ரயில் நிலையமும் துறைமுகமும் சுங்கச்சாவடியும் இருந்த நகரம். அதற்குப் பக்கத்திலேயே இருந்த மீனவர் குடியிருப்பும் அன்று அடித்துச் செல்லப்பட்டது. ஆனால் மீனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பாலம், கம்பிப்பாடு, முகுந்தராயர் சத்திரம் ஆகிய இடங்களில் ஓலைக் குடிசைகளும் படகுகளும் வலைகளும் இன்றும் இருக்கின்றன.

அதனால் இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்கும்போது காய்கிற வலைமேல் நடப்பது, குடிசைக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுப்பது எல்லாம் வேண்டாம். அடுத்தவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறீர்கள்.

3. புயலுக்கு முன்னாடி அப்படி என்ன பெரிய ஊர் அது?

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது உருவான ஊர் என்றே சொல்லலாம். அதற்கு முன்பும் சேது தீர்த்தத்தில் நீராட வரும் யாத்ரீகர்களும் மீனவர்களும் உண்டு. ஆனால் ரயிலும் கப்பலும் சந்திக்கும் இடமாக ஆன பிறகுதான் நிலையம், படகுத் துறை, சுங்க அலுவலகம், தபால் தந்தி அலுவலகம், ரயில்வே மருத்துவமனை, பள்ளிக்கூடம், தேவாலயம், கோவில், கடைகள், ரயில்வே ஊழியர் குடியிருப்பு என்று ஊர் வளர்ந்தது.

ஒரு விவரத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் தனுஷ்கோடி ரயில் ராமேஸ்வரம் வழியாகப் போகவில்லை. பாம்பன் நிலையத்திலேயே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று ராமேஸ்வரத்துக்கு, மற்றொன்று நேராகத் தனுஷ்கோடிக்கு. புயலில் போன ரயில் ஏன் பாம்பனிலிருந்து கிளம்பியது என்ற கேள்விக்கும் இதுதான் விடை.

4. போட் மெயில்னா ரயிலையே கப்பல்ல ஏத்திட்டுப் போவாங்களா?

ரயில் ஏறாது, ஆட்கள்தான் ஏறுவார்கள். சென்னை எழும்பூரில் டிக்கெட் எடுத்தால் கொழும்பு வரை ஒரே டிக்கெட். தனுஷ்கோடித் துறையில் ரயிலை விட்டு இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, நீராவிக் கப்பலில் ஏறவேண்டும். இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் அந்தத் தடத்தில் ஓடின. ஏறத்தாழ 35 கி.மீ. கடல், இரண்டு மணி நேரப் பயணம். தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பு ரயில் நிற்கும்.

1914-க்கு முன்பு இதே பயணம் தூத்துக்குடி வழியாக நடந்தது. அப்போது இரவு முழுக்கக் கடலில் கழியும். தனுஷ்கோடி வந்ததும் கடல் பயணம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. ஊருக்கு வந்த மவுசு அதனால்தான்.

5. அந்த ராத்திரி சரியா என்ன நடந்துச்சு?

1964 டிசம்பர் நடுவில் தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிப் புயலானது. டிசம்பர் 22 அன்று வவுனியா பக்கமாக இலங்கையைக் கடந்து பாக் நீரிணைக்குள் இறங்கியது. 22-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 23 அதிகாலைக்குள் தனுஷ்கோடி முழுகிவிட்டது. அலை 7 மீட்டர் உயரம் எழுந்ததாகப் பதிவு.

அன்றிரவு 11.55-க்குப் பாம்பனை விட்டுக் கிளம்பியது 653-ஆம் எண் பாசஞ்சர். தனுஷ்கோடி நிலையத்துக்குச் சில நூறு கெஜம் முன்னால் அலை அதை மொத்தமாக அடித்துக்கொண்டு போனது. கம்பிகள் எல்லாம் அறுந்து கிடந்ததால் செய்தி வெளியே போகவில்லை. மண்டபத்திலிருந்த கடல்துறைக் கண்காணிப்பாளர் தந்த தகவலை வைத்து ரயில்வே தலைமையகம் அறிவிப்பு வெளியிட்டபோது 48 மணி நேரம் ஓடியிருந்தது.

6. ரயில்ல செத்தது 115 பேரா, 200 பேரா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

115 என்பது ரயில்வே கணக்கு: 110 பயணிகள், 5 ஊழியர்கள். டிக்கெட் எடுத்தவர்களைத்தான் ரயில்வேயால் எண்ண முடியும். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள் என்று சேர்த்துச் சொல்லும்போது எண்ணிக்கை 200-ஐத் தொடுகிறது. முதலாவது ஆவணத்தில் இருப்பது, இரண்டாவது ஊகம். எழுதும்போது இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பரவலாகச் சொல்லப்படும் 1,800 என்பது புயலின் மொத்தச் சாவுக் கணக்கு, ரயிலில் போனவர்களும் அதற்குள் அடக்கம். அதை ‘ரயில் விபத்தில் 1,800 பேர்’ என்று மாற்றி எழுதுவதை அடிக்கடி பார்க்க முடிகிறது. அது தவறு.

7. புயல் எல்லா ஊருக்கும்தான் வருது. இங்க மட்டும் ஏன் ஊரே போச்சு?

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது, பாக் விரிகுடாவின் ஆழம். பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. ஆழக் கடலில் காற்று தள்ளும் நீர் அடிவழியே திரும்பி ஓட இடம் உண்டு. ஆழம் குறைந்த கடலில் அது முடியாது, நீர் மேலேதான் ஏறவேண்டும். இரண்டாவது, நிலத்தின் உயரமும் அகலமும். மணல்மேட்டைத் தவிர உயரமான இடமே இல்லை. ஓடலாம் என்றால் இரண்டு பக்கமும் கடல்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கிழக்கிலிருந்து மேற்கே நகரும் புயலில், மையம் வந்து சேரும்வரை வடக்குக் காற்று அடிக்கும், மையம் கடந்ததும் தெற்குக் காற்று திரும்பி அடிக்கும். சாதாரணக் கடற்கரைக்கு இதில் ஒன்றுதான் கடலைக் கொண்டுவரும், மற்றது கடலைத் தள்ளிக்கொண்டு போகும். தனுஷ்கோடிக்கு இரண்டுமே கடலைத்தான் கொண்டுவரும்.

8. அரசாங்கம் ஏன் திரும்பக் கட்டல?

வாழத் தகுதியற்ற இடம் என்று அன்றைய மதராஸ் மாநில அரசு அறிவித்தது. துறை போய்விட்டது, ரயில் பாதை போய்விட்டது. இலங்கைக் கப்பலைப் பிற்பாடு ராமேஸ்வரத்திலிருந்தே விட்டார்கள். கப்பலுக்காக உண்டான ஊரைக் கப்பல் இல்லாமல் மறுபடி கட்ட யாருக்கும் காரணம் இருக்கவில்லை. 7-இல் சொன்ன மூன்று காரணங்களும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன என்பதால், அந்த முடிவு சரி என்பதே எங்கள் எண்ணம். அறிவிப்போடு சேர்த்து அங்கேயே இருந்துவிட்ட மீனவர்களையும் மறந்தது மட்டும்தான் சரியில்லை. பல பத்தாண்டுகள் அவர்களுக்கு மின்சாரமோ சாலையோ கிடையாது.

9. பாம்பன் பாலமும் அதே புயல்லதானே விழுந்துச்சு? அதை மட்டும் எப்படி சீக்கிரம் சரி பண்ணாங்க?

அதே புயல்தான். 145 கண்களில் 126 கண்களின் இரும்புத் தூலங்கள் கடலில் விழுந்தன. கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி தப்பியது. ஆறு மாதத்தில் முடிக்கத் திட்டமிட்டு, அதை மூன்று மாதமாகக் குறைத்து, கடைசியில் 46 நாளில் முடித்தார்கள். பொறுப்பில் இருந்தவர் பின்னாளில் ‘மெட்ரோ மனிதர்’ என்று பெயர் வாங்கிய இ. ஸ்ரீதரன். புதிய தூலங்களுக்குக் காத்திருக்காமல், கடலில் கிடந்தவற்றைத் தூக்கியெடுத்தே திரும்பப் பொருத்தியதுதான் வேகத்துக்குக் காரணம்.

அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. பக்கத்தில் கட்டிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது.

10. இப்போ சொந்தக் கார்லயே போகலாமா? ஜீப்புல குலுங்கிக்கிட்டுப் போகணும்னு சொன்னாங்களே.

ஜீப் கதை 2017-க்கு முந்தையது. அப்போது முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்புறம் மணலிலும் கழிமுகத் தண்ணீரிலும் வேன், ஜீப், மீன் லாரி மட்டும்தான் போகும். 2017 ஜூலை 27-இல் 9.5 கி.மீ. சாலை திறந்தது: சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வரை 5 கி.மீ., அங்கிருந்து அரிச்சல்முனை வரை 4.5 கி.மீ. இப்போது கார், பைக், ஆட்டோ, அரசுப் பேருந்து எல்லாம் போகின்றன. ராமேஸ்வரத்திலிருந்து மொத்தம் ஏறத்தாழ 20 கி.மீ.

பெட்ரோலையும் ரொக்கத்தையும் ராமேஸ்வரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். காரைத் தாரை விட்டு மணலில் இறக்காதீர்கள். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும் இடத்தில் ஒரு சாண் கீழே ஈரச் சேறு இருக்கும். சக்கரம் புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போகும். அப்படி மாட்டினால் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் கையால் பள்ளம் பறித்து, ஓலையோ கால்மிதியோ போட்டு மெதுவாக எடுக்கவேண்டும். இருட்டுவதற்குள் காவல்துறை எல்லோரையும் கிளப்பிவிடும், அதனால் மாலையில் போய்ச் சேர்வதில் பயனில்லை.

11. எந்த மாசம் போனா நல்லது?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. வெயில் தாங்கும், காற்றும் அடங்கியிருக்கும், ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நிற்கும். அவை இரை தேடும் அந்த ஈரநிலத்தைத்தான் தமிழக அரசு 2025 ஜூனில் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. பறவைகளை நோக்கி நடக்காதீர்கள். ஒருமுறை எழுந்து பறந்தால் அன்றைய இரை நேரம் போச்சு.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கடல் சீறும். அலை தடுப்புக் கற்களைத் தாண்டிச் சாலையில் விழும், காற்று மணலை வாரிச் சாலையை மூடும், சில நாட்கள் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயல் எச்சரிக்கையும். பாம்பனில் கூண்டு ஏற்றியிருந்தால் கிளம்பவே வேண்டாம்.

12. இடிஞ்ச சுவர் எல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கே, என்ன கல் அது?

முருகைக்கல், அதாவது பவளப்பாறை. செங்கல்லும் கருங்கல்லும் எளிதில் கிடைக்காத தீவில் கடலே தந்த கட்டுமானப் பொருள். தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சில கற்களில் மூளை மடிப்புபோல வளைந்த கோடுகள், சிலவற்றில் தேன்கூட்டுக் கண்கள், சிலவற்றில் விரல் நுனி அளவுக்கு நட்சத்திர அச்சுகள். ஒவ்வொன்றும் வேறு வேறு வகைப் பவளம். இடையில் சுண்ணாம்புச் சாந்து, அதில் சிப்பித் துண்டுகள்கூடக் கண்ணில் படும்.

புயலைத் தாங்கி நின்ற சுவர் இப்போது ஏன் உதிர்கிறது என்றால், உப்பு. நுண்துளைக் கல் உப்பு ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு துளைக்குள்ளேயே படிகமாக வளர்ந்து கல்லை உள்ளிருந்து பிளக்கும். பூச்சு இருந்தவரை அது தடுத்தது. பூச்சு போனபின் ஒவ்வொரு ஈரமும் ஒவ்வொரு வெயிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. சுவரில் சாய்வது, மேலே ஏறி செல்பி எடுப்பது எல்லாம் சுவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் ஆபத்து.

13. ஞாபகத்துக்கு ஒரு சின்னக் கல், சங்கு எடுத்துக்கிட்டு வரலாமா?

பவளம் கூடாது. உயிரோடு இருந்தாலும் செத்துக் கரை ஒதுங்கினாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் வரும். கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவையும் 2001 முதல் அப்படித்தான், காயவைத்தது விலைக்கு வந்தாலும் வாங்காதீர்கள். இடிபாட்டுக் கல்லும் பவளம்தான் என்பதை மேலே பார்த்தோம். சங்கு, சிப்பிகளிலும் சில வகைகளுக்குத் தடை உண்டு. எது எது என்று தெரியாத வரைக்கும் போட்டோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

14. சுத்திலும் உப்புத் தண்ணி. ஆனா மணலைத் தோண்டினா குடிக்கிற தண்ணி வருதே, எப்படி?

அது மழைத்தண்ணீர். மணலில் இறங்கிய நன்னீர், அடியில் இருக்கும் கடல்நீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் ஒரு படலமாக மிதக்கும். கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கவேண்டும். ஒடுங்கிய மணல்திட்டில் இரண்டு பக்க அலையும் கலக்கிக்கொண்டே இருப்பதால் அவ்வளவு ஆழம் கிடைக்காது.

அதனால்தான் ஊற்று தோண்டுகிறவர்கள் ஆழமாகப் போவதில்லை. கரையை விட்டுத் தள்ளி, மணல்மேட்டு அடிவாரத்தில் சில அடி தோண்டி, ஈரம் கசிந்ததும் நிறுத்தி, மணல் சரியாமல் உறை இறக்கி, கிண்ணத்தால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டு நிறைய இறைத்தால் மேலே இருக்கும் நன்னீர் தீர்ந்து அடியிலுள்ள உப்பு நீர் மேலே ஏறிவிடும். மோட்டார் வைத்தால் இது சீக்கிரமே நடக்கும். உப்பேறிய ஊற்று தேற அடுத்த மழைக்குக் காத்திருக்கவேண்டும். ஊற்றுப் பக்கம் கை கால் கழுவுவதும் குப்பை போடுவதும் ஒருவர் குடிநீரில் கைவைப்பது என்று புரிந்துகொள்ளுங்கள்.

15. ஒரு பக்கம் குளம் மாதிரி, இன்னொரு பக்கம் சீற்றம். எந்தப் பக்கம் குளிக்கலாம்?

வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். மீனவர் பேச்சில் வடகடல், தென்கடல். ஒன்று எப்போதும் சாது, மற்றது எப்போதும் முரடு என்று நினைக்கவேண்டாம். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல்தான் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்றில் நேர்மாறு.

அரிச்சல்முனையில் இறங்கவே கூடாது. இரண்டு பக்க நீர்மட்டமும் ஒன்றாக இருப்பதில்லை. உயர்ந்த பக்கத்து நீர் நுனியைச் சுற்றி மற்றப் பக்கத்துக்குப் பாய்கிறது. முழங்கால் ஆழத்தில் நிற்கும்போதே காலடி மணல் கரைந்து பள்ளமாகும், அடுத்த எட்டு கழுத்தளவு. நீச்சல் தெரிந்தவரையும் இழுக்கும் இடம். சேது தீர்த்தமாட வருகிறவர்கள் குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டால் போதும்.

16. மீனவங்க ரெண்டு கும்பலா நின்னு கயிறு இழுக்கறாங்களே, அது என்ன முறை?

கரைவலை. மேலே சொன்ன காற்று மாற்றத்தை வைத்தே அவர்கள் வருஷத்தை நடத்துகிறார்கள். வாடையில் தென்கடலில் வலை, சோழகத்தில் வடகடலில் வலை. நடுவில் இருப்பது சில நூறு மீட்டர் மணல். இரண்டு கடலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த முடிகிற இந்த வசதிதான், வாழத் தகாத ஊர் என்று சொன்ன பிறகும் அவர்களை இங்கே பிடித்து வைத்திருக்கிறது.

வலையில் நடுவே மடி என்ற பை, இரண்டு பக்கமும் நீண்ட கை, கைகளின் முனையில் கயிறு. ஒரு கயிற்று நுனியைக் கரையில் ஒரு கூட்டம் பிடித்துக்கொள்ளும். மீதியைப் படகில் ஏற்றி, கடலுக்குள் அரைவட்டமாக விட்டுக்கொண்டே போய், மறு நுனியைத் தள்ளிக் கரைசேர்ப்பார்கள். பிறகு இரண்டு கூட்டமும் இழுத்தபடியே ஒன்றையொன்று நோக்கி நகரும். நீரோட்டம் வலையை ஒரு பக்கம் தள்ளினால் இரண்டு கூட்டமும் அந்தப் பக்கமாகவே நடந்துகொண்டு இழுக்கும். ஒரு பக்கம் வேகமாக இழுத்தால் வலை வாய் கோணிக்கொள்ளும், அந்த இடைவெளியில் மீன் நழுவும். அடிக்கயிறு தரையை விட்டு எழும்பினாலும் அப்படியே. சொறி என்கிற ஜெல்லி மீன் மடியில் நிறைந்தால் வலை கனத்து நிற்கும், இழுக்கிறவர் கையும் எரியும். சூடை, சாளை, காரல், நெத்திலி போன்ற சிறு மீன்களே அதிகம் விழும்.

கரையில் நிற்பவர்கள் ஆசைக்குக் கயிற்றைப் பிடிக்க விரும்பினால் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். வலை கரை தொடும் நேரத்தில் மட்டும் விலகி நில்லுங்கள். மடியில் திருக்கை கிடந்தால் வால் முள் குத்தும்.

17. அரிச்சல்முனையிலேர்ந்து இலங்கை தெரியுது, நானே பார்த்தேன்னு நண்பன் சொல்றான். நிஜமா?

நண்பர் பார்த்தது மணல் தீடையாக, அதாவது கடலுக்கு நடுவே எழும் மணல்திட்டாக இருக்கும். தலைமன்னார் அங்கிருந்து ஏறத்தாழ 29 கி.மீ. கரையில் நிற்கும் ஆளின் கண்ணுக்குத் தொடுவானம் 5 கி.மீ.க்குள் முடிந்துவிடும். அந்தப் பக்கம் 15 மீட்டர் உயரத் தென்னை நின்றால்கூட அதன் உச்சி தெரிய நாம் 20 கி.மீ.க்குள் இருக்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் போனுக்குத் தெரியும். அங்கே இலங்கை சிக்னலைப் பிடித்து வரவேற்புக் குறுஞ்செய்தி வருவது வழக்கம். ரோமிங்கை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பில் எகிறும். இரண்டு நாட்டுக்கும் நேரம் ஒன்றுதான் என்பதால் கடிகாரம் மாறாது.

18. அந்த மணல் தீடைக்கு ஒரு படகு பிடிச்சுப் போய்ட்டு வரலாமா? கச்சத்தீவும் பக்கம்தானே?

கூடாது. இந்திய-இலங்கைக் கடல் எல்லை இந்தத் தீடைகளுக்கு நடுவே போகிறது. கடற்படை, கடலோரக் காவல்படை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மூன்றும் ரோந்து வரும் இடம். 2022-இல் இலங்கையில் பொருளாதார நெருக்கடி முற்றியபோது தமிழ் அகதிகள் இந்தத் தீடைகளில் இறக்கிவிடப்பட்டு, நம் படையினர் வந்து மீட்டார்கள். காசுக்கு ஆசைப்பட்டு யாராவது கூட்டிப்போனாலும் மாட்டுவது படகுக்காரரும்தான். ட்ரோனுக்கும் இதே எச்சரிக்கை.

கச்சத்தீவு இந்த வரிசையில் இல்லை. அது ராமேஸ்வரத்துக்கு வடகிழக்கே பாக் விரிகுடாவில் இருக்கிறது. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைப் பக்கம் போனது. அரிச்சல்முனையிலிருந்து தெரியாது.

19. விவேகானந்தர் அமெரிக்காவுலேர்ந்து திரும்பி வந்து இறங்கினது தனுஷ்கோடியிலதானே?

இல்லை, பாம்பனில். 1897 ஜனவரி 26 அன்று கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாக வந்து குந்துகால் பக்கம் இறங்கினார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். தனுஷ்கோடித் துறைக்குக் கப்பல் ஓட ஆரம்பித்தது அதற்கு 17 ஆண்டு கழித்து, 3-ஆம் பதிலைப் பாருங்கள். நினைவு மண்டபமும் குந்துகாலில்தான் இருக்கிறது.

20. ராமர் பாலம் கட்டினதா, தானா உண்டானதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் முடியாது. கண்ணால் காண்பது மணல் தீடைகளும் ஆழம் குறைந்த சுண்ணாம்புப் பாறைத் திட்டுகளும். சில இடங்களில் ஒரு மீட்டர் தண்ணீர்தான். மணலைக் கொண்டுவந்து போடுவது மேலே சொன்ன இரண்டு காற்றும் அவை கிளப்பும் நீரோட்டமும். அதனால் தீடைகள் இடம் மாறும், சில மாதம் முழுகும், சில மாதம் எழும். அரிச்சல்முனையின் நுனியே இந்த வருஷம் பார்த்த வடிவில் அடுத்த வருஷம் இருக்காது.

ராமாயணச் சேது என்பது நம்பிக்கை. அதை நிரூபிக்கவோ மறுக்கவோ இந்தப் பக்கம் முயலாது. சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டம் 2005 ஜூலையில் தொடங்கி, திட்டுகளைச் சேதப்படுத்தக் கூடாது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததிலிருந்து முடங்கிக் கிடக்கிறது.

21. மறுபடி ரயில் விடப்போறாங்களாமே?

ராமேஸ்வரம்-தனுஷ்கோடி இடையே 17 கி.மீ. புதிய பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அதன்பின் தண்டவாளம் போடப்படவில்லை. இளகிய மணல், 7-இல் சொன்ன ஆபத்து, 11-இல் சொன்ன பறவைகள் என்று எதிர்ப்புக்குக் காரணங்கள் நிறைய. சாலையைக் காப்பாற்றவே ஆண்டுதோறும் கல் கொட்டவேண்டியிருக்கிறது.

22. ராத்திரி பேய் நடமாட்டம் உண்டாமே?

ராத்திரி நடமாடுகிறவர்கள் மீனவர்களும் போலீஸும். ஜனவரியிலிருந்து சில மாதம் முட்டையிட வரும் ஆமைகளும்.

23. எங்க தாத்தா சிலோன்லேர்ந்து வந்தவர். ‘தனுஷ்கோடியில வந்து இறங்கினோம்’னு சொல்லுவார். வருஷம் தெரியல. உண்மையான்னு எப்படிப் பார்க்கறது?

வழித்தடத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். 1914-க்கு முன் என்றால் பெரும்பாலும் தூத்துக்குடி. 1914-லிருந்து 1964 டிசம்பர் 22 வரை தனுஷ்கோடி. அதற்குப் பின், 1980-களில் போர்ச் சூழலில் நிற்கும்வரை, தலைமன்னார்-ராமேஸ்வரம் கப்பல், ராமானுஜம் என்று பெயர். இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களில் பலரை இந்தியாவுக்குத் திருப்பி எடுத்துக்கொள்வது பற்றி இரு நாடுகளும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30, புயலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஆகவே அந்த ஒப்பந்தப்படி தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர் என்றால் அவர் இறங்கியது ராமேஸ்வரமாகத்தான் இருக்கவேண்டும். பழக்கத்தில் தனுஷ்கோடி என்று சொல்லியிருப்பார்.

வீட்டில் பழைய பாஸ்போர்ட் இருந்தால் குடியேற்ற முத்திரையில் ஊர்ப் பெயரும் தேதியும் இருக்கும். தகரப் பெட்டியில் ரயில்வே லக்கேஜ் சீட்டு ஒட்டியிருந்தால் அதையும் பாருங்கள், கிழிக்காமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபம் முகாமில் தங்கிய சீட்டு இருந்தால் தேதியைக் கவனிக்கவேண்டும். அந்த முகாம் முதலில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரைத் தடுத்துவைத்து நோய் சோதிக்கும் இடமாக இருந்தது, பிற்பாடுதான் வருகிறவர்களுக்கான முகாமானது. பழைய தேதி என்றால் அந்தச் சீட்டு தாத்தா வந்ததற்கு அல்ல, அவரோ அவருடைய அப்பாவோ போனதற்கான சான்று.